காரமில்லாத சோப்பு உண்டா?



மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவருக்கு வேலை போய் ஐந்து மாதங்கள் ஆகின்றன. மூத்த பெண் பள்ளியில் படிக்கிறாள்; இளையவனுக்கு மூன்று வயது. வீட்டிலிருந்தபடியே ஏதேனும் செய்து நான்கு காசு சேர்க்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். "பங்குத் திருவிழாவின்போது போடும் கடையில் வைத்து விற்பதற்குக் குளியல் சோப்பு செய்யலாம் என்றிருக்கிறேன். செம்பருத்தியால் சிவப்பு, வேப்பிலையால் பச்சை, மல்லிகையால் மணம். அடுப்பில் காய்ச்சாமலே செய்யலாம் என்கிறார்கள். ஆனால் வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் காஸ்டிக் சோடாவைத் தொடவே அச்சமாக இருக்கிறது. காரம் எதுவும் சேராமல் செய்யும் வழியைச் சொல்வீர்களா?" என்று கேட்டிருக்கிறார்.

இதைப் போன்ற கடிதங்கள் முன்பும் வந்ததுண்டு. ஆயினும் இந்தக் கடிதத்தைப் படித்தபின் இனியும் தள்ளிப்போடலாகாது என்று தோன்றியது. ஆகவே இம்மாதப் பக்கங்களை இதற்கே ஒதுக்குகிறோம். வீட்டுக்குச் சோப்பு செய்துகொள்ள விரும்பும் மற்ற குடும்பத்தினருக்கும் இது பயன்படக்கூடும்.

சகோதரி வருந்தக்கூடாது, முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். காரமில்லாத சோப்பு உலகில் எங்குமே இல்லை. எண்ணெயும் காரமும் கலந்து, இரண்டும் தத்தம் இயல்பை இழந்து, சோப்பு, கிளிசரின் என்னும் வேறு இரண்டு பொருள்களாக மாறுவதைத்தான் நாம் சோப்பு செய்தல் என்கிறோம். கடையில் விற்கும் விலையுயர்ந்த சோப்பும் அப்படிப் பிறந்ததே. கைத்தொழிலாக வீட்டில் செய்த சோப்பும் அப்படிப் பிறந்ததே. "காஸ்டிக் சோடா சேராதது" என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவர் அறியாமல் சொல்கிறார். அல்லது அவருக்காக வேறொருவர் அந்த வேலையை முன்பே செய்து முடித்திருக்கிறார். முறைப்படி செய்து, உரிய காலம் காத்திருந்தால், அந்தக் காரம் முழுவதும் எண்ணெயோடு சேர்ந்து சோப்பாகிவிடும். காரமாக மிஞ்சி நிற்காது. அளவு தவறினால் மிஞ்சும். மிஞ்சினால் தோலைச் சுடும்.

நம் முன்னோர் குளிக்கச் சோப்பைத் தேடியதில்லை. சீயக்காய், அரப்பு, பயற்றமாவு ஆகியவையே அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. சீயக்காய் நுரைத்தாலும் அது சோப்பு அன்று. அந்தக் காயிலேயே இயற்கையாக அமைந்த நுரைப்பொருள் அது. துணி வெளுப்போர் உவர்மண்ணைப் பயன்படுத்தினர். அம்மண்ணில் இயற்கையாகவே சோடா உண்டு. எண்ணெய்க்கும் காரத்துக்கும் இடையே நிகழ்வது என்ன என்பதை மேல்நாட்டாரும் பிந்தியே அறிந்தனர். பிரெஞ்சு வேதியியல் அறிஞரான செவ்ரல், கொழுப்புகளைப் பற்றித் தாம் செய்த ஆராய்ச்சிகளை 1823-இல் நூலாக வெளியிட்ட பிறகே அது தெளிவாயிற்று. காஸ்டிக் சோடாவும் எங்கிருந்தோ வந்த விநோதப் பொருள் அன்று. நாம் உண்ணும் உப்பைக் கரைத்து, அந்நீரில் மின்சாரத்தைச் செலுத்தி எடுப்பதே அது. நம் மாநிலத்தில் மேட்டூரிலும், தூத்துக்குடி மாவட்டத்துச் சாகுபுரத்திலும் அதற்கான ஆலைகள் இருக்கின்றன.

தென்னாட்டில் சோப்புத் தொழில் வேரூன்றி நூறாண்டுகளுக்கு மேலாகிறது. அன்றைய சென்னை மாகாண அரசு 1914-இல் கோழிக்கோட்டில் ஒரு சோப்பு நிலையத்தைத் தொடங்கியது. முதல் உலகப் போரினால் மைசூர்ச் சந்தனக் கட்டைகள் வெளிநாட்டுக்குச் செல்ல வழியின்றித் தேங்கியபோது, 1916-இல் மைசூர் அரசு சந்தன எண்ணெயைத் தானே வடிக்கத் தொடங்கியது. அதைத் தொடர்ந்து பெங்களூரில் சந்தனச் சோப்பும் பிறந்தது. 1934-இல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தை நிறுவியபோது, அதன் செயலாளராகப் பொறுப்பேற்றவர் தஞ்சையில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவரான ஜே.சி. குமரப்பா. எண்ணெய், வெல்லம், காகிதம் ஆகியவற்றோடு சோப்பும் அச்சங்கம் பேணிய தொழில்களுள் ஒன்று. வேம்பு, புங்கம், இலுப்பை, புன்னை போன்ற மரங்களின் விதை எண்ணெயைக் கொண்டு சோப்பு செய்வதைப் பின்னர்க் கதர் கிராமத் தொழில் ஆணையமும் ஊக்குவித்தது. புன்னை என்றால் மயிலாப்பூராருக்குச் சொல்லவேண்டியதில்லை. கபாலீசுவரர் கோயிலின் தலமரமே அதுதான். ஆகவே சகோதரி செய்ய எண்ணும் தொழில் இழிந்ததும் அன்று, புதியதும் அன்று.

நாம் செய்த பிழை

அறிவுரை கூறுமுன் நம்முடைய பிழையையும் மறைக்காமல் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மந்தைவெளியில் குடியிருந்தபோது, ஒரு நண்பர் வாய்மொழியாகச் சொன்ன முறையைக் கேட்டு வீட்டிலே சோப்பு செய்தோம். தராசு வாங்கச் சோம்பல்பட்டு, எல்லாவற்றையும் டம்ளரால் அளந்தோம். செம்பருத்தி இதழ்களை அரைத்து ஊற்றினோம். கண்ணெதிரே சிவப்பு மறைந்து பச்சைச் சாயலாகி, கடைசியில் சேற்று நிறமாயிற்று. மல்லிகை மொட்டுகளையும் இட்டோம். மறுநாள் அவை கருகிய கறிவேப்பிலைபோல் கிடந்தன. மணமோ மருந்துக்கும் இல்லை. பொறுமையின்றி மூன்றாம் நாளே எடுத்துக் கை கழுவினோம். விரலிடுக்குகள் எரிந்தன, இரண்டு நாட்களில் தோல் உரிந்தது.

அதுகூடப் பெரிதன்று. மீந்த காஸ்டிக் சோடாவைப் பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் கொட்டி, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு மறந்துபோனோம். ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நம் தங்கையின் மகள், நான்கு வயதுச் சிறுமி, முக்காலியில் ஏறி அந்தப் புட்டியை எடுத்து, கற்கண்டு என்று எண்ணி மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். தற்செயலாகத் தண்ணீர் எடுக்க வந்த அவள் தாய் பார்த்துவிட்டார். மூடி இறுகியிருந்தது, அவ்வளவுதான் அன்று நம்மைக் காத்தது. அந்தப் பொருள் ஒரு சிட்டிகை வாய்க்குள் போயிருந்தால் உணவுக்குழாய் வெந்து, வாழ்நாள் முழுவதும் உணவு விழுங்க இயலாத நிலைகூட நேர்ந்திருக்கும். அன்றிரவு நாம் உறங்கவில்லை.

எனவே சகோதரியின் அச்சத்தை நாம் வீண் அச்சம் என்று சொல்லமாட்டோம். அச்சம் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. காஸ்டிக் சோடாவை வாங்கிய பொட்டலத்திலேயே, இறுக மூடிய கெட்டிப் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இட்டு, பெரிய எழுத்தில் "நஞ்சு" என்று ஒட்டி, பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். உணவுப் பொருள் இருந்த புட்டி எதிலும் ஒருபோதும் இடலாகாது. தோலில் பட்டால் உடனே குழாய் நீரில் கால் மணி நேரமாவது தொடர்ந்து கழுவவேண்டும்; வினிகரையோ எலுமிச்சைச் சாற்றையோ தேய்க்கக்கூடாது. கண்ணில் தெறித்தாலும் அவ்வாறே நீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். வாய்க்குள் போய்விட்டால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. ஏறும்போது இன்னொரு முறை சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, உடனே 108-ஐ அழைக்கவேண்டும்.

அளவும் செய்முறையும்

முதன்முறை செய்வோருக்கு ஏற்ற சிறிய அளவு ஒன்றைத் தருகிறோம். எல்லாமே எடை அளவு. எண்ணெயையும் நீரையும்கூட நிறுத்தே எடுக்கவேண்டும். ஒரு கிராம் வரை காட்டும் மின்தராசு இன்றி இவ்வேலையில் இறங்கவே வேண்டாம்.

தேங்காயெண்ணெய் 300 கிராம், நல்லெண்ணெய் 150 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 76 கிராம், நீர் 170 கிராம்.

ஒவ்வோர் எண்ணெயும் தனக்கென ஓர் அளவு காரத்தைக் கேட்கும். 100 கிராம் தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 18 கிராமும், நல்லெண்ணெய்க்கு 13 முதல் 14 கிராமும், விளக்கெண்ணெய்க்கு 13 கிராமும் தேவை. மேலே கூறிய எண்ணெய்களுக்குக் கணக்கிட்டால் மொத்தம் 81 கிராம் வருகிறது. நாம் 76 கிராம் மட்டுமே இடுகிறோம். அந்த 5 கிராம் குறைவினால் சிறிதளவு எண்ணெய் மாறாமல் எஞ்சி நின்று, தோலுக்கு மென்மை தருகிறது. காரம் மிஞ்சாமலும் காக்கிறது. ஆகவே எண்ணெயை மாற்றினால் காரத்தையும் மாற்றிக் கணக்கிடவேண்டும். "நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விடுவோம்" என்னும் சமையலறைச் சமாளிப்பு இங்கே செல்லாது. தேங்காயெண்ணெய் நுரையையும் கெட்டித் தன்மையையும் தருகிறது. அது மிகுந்தால் தோல் வறளும். நல்லெண்ணெய் வழவழப்பைத் தருகிறது; விளக்கெண்ணெய் நுரையை நிலைக்கச் செய்கிறது.

நீரைப் பற்றி ஒரு சொல். அடையாறு, பெசன்ட் நகர்ப் பக்கங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல வீடுகளில் கடின நீராகவே இருக்கிறது. அதிலுள்ள சுண்ணச் சத்து சோப்போடு சேர்ந்து, நுரைக்குப் பதில் வெள்ளை அழுக்காகத் திரண்டு வாளியில் ஒட்டிக்கொள்வதை இல்லத்தரசியர் அறிவர். எனவே காரம் கரைக்க வாலைநீரே சிறந்தது. பெட்ரோல் நிலையங்களில் பேட்டரிக்கு ஊற்ற விற்பார்கள். மொட்டை மாடியிலிருந்து தூய்மையாகப் பிடித்து வடிகட்டிய மழைநீரும் ஆகும்.

பாத்திரங்கள் எவர்சில்வராக இருக்கவேண்டும்; தியாகராய நகர்ப் பாத்திரக் கடைகளில் இதற்கென்றே இரண்டு வாங்கி, சமையலுக்குத் திரும்பக் கொண்டுபோகாமல் தனியே வைத்துக்கொள்ளவேண்டும். அலுமினியப் பாத்திரம் அறவே கூடாது. காரம் அதை அரித்து, தீப்பற்றும் வாயுவை எழுப்பும். கண்ணாடியும் வேண்டாம், சூட்டில் வெடிக்கலாம். காஸ்டிக் சோடாவைப் பாரிமுனை வட்டாரத்து இரசாயனக் கடைகளில் தூயதாகக் கேட்டு வாங்கவேண்டும். கழிவுநீர்க் குழாய் அடைப்பெடுக்க விற்கும் பொட்டலங்களில் வேறு பொருள்களும் கலந்திருக்கும். அவை சோப்புக்கு ஆகா.

குழந்தைகள் பள்ளி சென்றபின், அல்லது உறவினர் வீட்டில் இருக்கும்போது, காற்றோட்டமுள்ள பால்கனியில் வேலையைத் தொடங்கவேண்டும். ரப்பர்க் கையுறை, கண்களை முழுவதும் மூடும் கண்ணாடி, முழுக்கை உடை ஆகியவை கட்டாயம். நீரை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அதில் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்கவேண்டும். நீரில் சோடாவை இடலாம். சோடாவின்மேல் நீரை ஊற்றலாகாது. மாற்றிச் செய்தால் பொங்கிச் சீறி முகத்தில் தெறிக்கும். அடுப்பின்றியே கரைசல் கொதிநீர்போல் சூடேறும். எழும் ஆவியை முகரக்கூடாது. பாத்திரத்தை ஓர் அகன்ற தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி ஆறவிடவேண்டும். சென்னைக் கோடையில் இது தானே ஆற நெடுநேரம் பிடிக்கும். தொட்டால் இளஞ்சூடாக, ஏறத்தாழ 40 டிகிரி இருக்கும்போது, அதை எண்ணெயில் மெல்ல ஊற்றவேண்டும். நம் ஊரில் தேங்காயெண்ணெய் உறைவது அரிது; ஆதலால் எண்ணெயைக் காய்ச்சவேண்டிய தேவை பெரும்பாலும் நேராது.

பிறகு எவர்சில்வர் முட்டைக் கலக்கியால் இடைவிடாமல் கலக்கவேண்டும். மரக் கரண்டியும் மர மத்தும் காரத்தால் நாள்படப் பிசிறுவிடும். கையால் கலக்கினால் அரை மணிக்கு மேலாகலாம். மின்சார பிளெண்டரால் சில நிமிடங்களில் முடியும். கலவை இட்லி மாவுப் பதத்துக்கு வந்து, கரண்டியால் மேலே சொட்டினால் அந்தக் கோடு அமிழாமல் நிற்கவேண்டும். அதுவே சரியான பதம். நிறமும் மணமும் சேர்ப்பது இப்போதுதான். பழச்சாறு அடைத்து வரும் அட்டைப் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, அதில் ஊற்றி, உயரமான இடத்தில் வைக்கவேண்டும். ஒன்றிரண்டு நாளில் கெட்டியாகும். கையுறையோடு எடுத்து எட்டுத் துண்டுகளாக வெட்டலாம்.

பூவின் நிறமும் காரத்தின் நிறமும்

நிறத்தைப் பற்றி நம் வீடுகளிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மணமக்களுக்கு ஆலத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் அது சிவந்துவிடுகிறதல்லவா? மஞ்சள் தன் நிறத்தை மாற்றிக்கொண்டதற்குக் காரணம் சுண்ணாம்பின் காரமே. சோப்பிலும் இதுவே நிகழ்கிறது. மஞ்சள் தூளைக் கால் தேக்கரண்டி சேர்த்தால் முதலில் செம்மை கலந்து தோன்றி, நாட்கள் செல்லச் செல்லப் பொன்னிறத்துக்கு வரும். வெளிச்சத்தில் வைத்தால் வெளிறும்.

செம்பருத்தி, ரோஜா, பீட்ரூட் ஆகியவற்றின் சிவப்பு காரத்தைத் தாங்காது, பழுப்பாகிவிடும். நாம் கண்ட சேற்று நிறம் அதுவே. இளஞ்சிவப்பு வேண்டுமானால் மஞ்சிட்டி வேர்த் தூள் தரும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் சிவப்புக்காக நாம் போடும் வேம்பாளம் பட்டையை எண்ணெயில் ஒரு வாரம் ஊறவைத்து வடிகட்டிச் சேர்த்தால், எண்ணெயில் சிவப்பாக இருந்தது சோப்பில் கத்தரிப்பூச் சாயலை எடுக்கும். நீல நிறத்துக்கு அவுரி. ஆனால் தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைத்தூள் வேறு, அதிலிருந்து பிரித்தெடுத்த சாய நீலம் வேறு. பின்னதை ஒரு சிட்டிகை இட்டாலே நீலம் வரும். வேப்பிலைத் தூளின் பச்சை சில வாரங்களில் பழுப்புப் பச்சையாகிவிடும். இதைத் தடுக்க நாமறிந்த வழி, இருட்டில் வைப்பதே. மண்ணின் நிறங்கள் மாறுவதில்லை. காவி மண், முல்தானி மட்டி, சிரட்டைக் கரியின் நுண்தூள் ஆகியவை நெடுநாள் நிலைக்கும்.

இவற்றில் பெரும்பாலானவை மயிலாப்பூர்க் கச்சேரி சாலையிலுள்ள டப்பா செட்டிக் கடை போன்ற நாட்டு மருந்துக் கடைகளிலே கிடைக்கின்றன. நுண்ணிய சல்லடையில் சலித்து, சிறிது எண்ணெயில் குழைத்துச் சேர்த்தால் திட்டுத்திட்டாகாது. அரைத் தேக்கரண்டிக்கு மேற்பட்டால் நுரையோடு நிறமும் துண்டில் ஒட்டும்.

மணத்தைப் பற்றியும் நேர்மையாகக் கூறவேண்டும். மல்லிகையைக் காய்ச்சி மணத்தை எடுக்க இயலாது. அதன் மணம் சூட்டில் கெட்டுவிடும். தொழிற்சாலைகளில் தனிக் கரைப்பான்களால் எடுக்கிறார்கள்; மிகச் சிறிதளவுக்கும் பெருந்தொகை ஆகும். "மல்லிகை" என்று மலிவாக விற்பது பெரும்பாலும் செயற்கை மணமே. சந்தன எண்ணெயும் எளியோர் கைக்கு எட்டாதது. ஆனால் எலுமிச்சைப்புல் தைலம், நீலகிரித் தைலம், வெட்டிவேர்த் தைலம் ஆகியவை நமக்கு எட்டும். நாம் கூறிய அளவுக்கு எல்லாம் சேர்த்து 10 கிராமுக்கு மேல் வேண்டாம். எலுமிச்சைப்புல்லின் மணத்தை வெட்டிவேர் பிடித்து நிறுத்தும். கிராம்பும் இலவங்கப்பட்டையும் தோலை எரிப்பதோடு, கலவையைத் திடீரென்று கல்லாக்கிவிடும், ஆதலால் தவிர்க்கலாம். ஊதுபத்திக்கான வாசனைத் திரவியங்கள் தோலுக்கு உரியவை அல்ல. கைக்குழந்தைகளுக்கான சோப்பில் நிறமும் வேண்டாம், மணமும் வேண்டாம்.

காத்திருத்தல்

வெட்டிய துண்டுகளை இடைவெளி விட்டு, நிழலில், காற்றோட்டமான அலமாரியில் நான்கிலிருந்து ஆறு வாரம் அடுக்கி வைக்கவேண்டும். எண்ணெயும் காரமும் சேரும் செயல் முதல் சில நாட்களிலேயே பெரும்பாலும் முடிந்துவிடும். மிகுந்த நீர் வற்றித் துண்டு இறுகவும், நுரை மென்மையாகவும் அத்தனை வாரங்கள் தேவை. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிறமும் போகும். சென்னையின் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் சோப்பின்மேல் வியர்வைபோல் நீர்த்துளி நிற்பதுண்டு. சோப்பிலுள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதே காரணம், கெட்டுவிட்டதென்று எண்ணவேண்டாம். பெரிய ஆலைகளில் கிளிசரினைப் பிரித்தெடுத்து வேறு தொழில்களுக்குப் பயன்படுத்துவார்கள். வீட்டுச் சோப்பில் அது முழுவதும் உள்ளேயே தங்குகிறது. திருவிழாவுக்கு வேண்டுமானால் இரண்டு மாதம் முன்பே செய்யத் தொடங்கவேண்டும்.

பயன்படுத்துமுன் துண்டை நனைத்துக் காரத்தாளால் சோதிக்கவேண்டும். 9 அல்லது 10 காட்டுவது சோப்புக்கு இயல்பு. 11-ஐத் தாண்டினால் உடலுக்கு ஆகாது. வெள்ளைப் பொடி நரம்புகள் தெரிந்தாலும் தயங்காமல் ஒதுக்கிவிடவேண்டும். முதலில் வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் முன்கையில் மட்டும் சில நாள் பயன்படுத்திப் பார்க்கட்டும்.

சகோதரிக்கு நம் பதில்

விற்பனையைப் பற்றி இனிச் சொல்வோம். நம் நாட்டின் மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம் 1940-இல் பிறந்தது. 1982-இல் செய்த திருத்தத்துக்குப்பின், சோப்பும் அழகுப் பொருள்களின் கணக்கில் வந்துவிட்டது. அழகுப் பொருள்கள் விதிகள், 2020-இன்படி, விற்பனைக்காகக் குளியல் சோப்பு செய்வோர் மாநில அரசின் உரிமம் பெறவேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான மருந்துக் கட்டுப்பாட்டு இயக்ககம் தேனாம்பேட்டையில் இருக்கிறது. உறையின்மேல் சேர்பொருள்களையும், தயாரித்தவர் முகவரியையும், உரிம எண்ணையும் அச்சிடவேண்டும். "படை நீக்கும்", "சொறி தீர்க்கும்" என்று எழுதினால் அது மருந்து என்றே கருதப்படும். உண்மையில் வீட்டில் செய்யும் சாதாரணச் சோப்பு தோல் நோயைத் தீர்ப்பதில்லை. நம் சொல்லை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு மருத்துவம் பார்க்காமல் விட்டுவிட்டால், அந்தப் பழி யாரைச் சேரும்?

அன்புச் சகோதரியே, உங்கள் சின்ன மகன் மூன்று வயதுப் பிள்ளை. உங்கள் வீட்டில் பூட்டி வைக்க ஒரு தனியறையோ, அவனைப் பார்த்துக்கொள்ள ஒரு நம்பிக்கையான ஆளோ இல்லையெனில், இப்போதைக்குக் காஸ்டிக் சோடாவை வீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். அதற்காக எண்ணத்தைக் கைவிடவும் வேண்டியதில்லை. காரவேலை முடிந்த சோப்புக் கட்டியை வாங்கி, சூடான நீரின்மேல் பாத்திரம் வைத்து உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து வார்க்கும் முறை ஒன்று உண்டு. எவருக்கோ அஞ்சி நீங்கள் செய்யாது விட்ட வேலையை அங்கே தொழிற்சாலை செய்துவிட்டது. அதைக் காரமற்றது என்று சொல்லி விற்காமல், உள்ளபடி சொல்லுங்கள். அதிலே கையைப் பழக்கி, நிறங்களின் குணத்தை அறிந்துகொள்ளுங்கள்.

உங்கள் பங்கிலே இதில் விருப்பமுள்ள பெண்கள் மூன்று நான்கு பேர் இருப்பார்கள். குழந்தைகள் இல்லாத ஒரு வீட்டிலோ, பங்குத்தந்தையின் இசைவோடு பள்ளி விடுமுறையில் ஓர் அறையிலோ சேர்ந்து முழு முறையையும் கற்றுக்கொள்ளலாம். தராசும் கண்ணாடியும் பொதுவாக வாங்கினால் செலவும் குறையும். ஒவ்வொரு முறையும் என்னென்ன எத்தனை கிராம் இட்டீர்கள், எந்த நாளில் வெட்டினீர்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாருங்கள். உரிமம் கேட்கும் நாளில் அந்த நோட்டே உங்களுக்குக் கைகொடுக்கும். இந்தத் திருவிழாவுக்கு இல்லாவிட்டால் அடுத்த திருவிழாவுக்கு ஆகட்டும்.

ஐந்து மாத வறுமையில் ஓராண்டு காத்திருக்கச் சொல்வது எளிதன்று என்பதை நாம் அறிவோம். ஆகையால் உங்கள் கடிதத்தை, பெயர் வெளியிடாமல், உங்கள் வட்டாரத்துப் பெண்கள் குழுவினருக்கு அனுப்பிவைத்திருக்கிறோம். அவர்கள் உங்களைத் தேடி வருவார்கள் என்று நம்புகிறோம். இதனை வாசிப்போருள் வீட்டில் சோப்பு செய்து பழகியவர்கள் இருப்பின், தங்கள் அனுபவத்தை, சிறப்பாகத் தாங்கள் செய்த தவறுகளை, நமக்கு எழுதுமாறு வேண்டுகிறோம். அடுத்த இதழில் அவற்றுக்கு இடமளிப்போம்.

இன்னொன்று. இதை வாசித்து முடித்ததும் எழுந்துபோய் உங்கள் சமையலறை அலமாரியைப் பாருங்கள். பெயர் ஒட்டாத புட்டி ஒன்று அங்கே இருக்கக்கூடும்.